வற்றுவது தண்ணீர், தங்குவது உப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் முதன்முதலாகக் கடல்நீர் மீன்தொட்டி வைக்க நினைப்பவர்கள் என்னென்ன சாமான் வாங்க வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும் என்று கதைக்கச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பாடசாலையில் இரசாயனவியல் படிப்பித்தவன். பதினைந்து வருடமாக வீட்டில் உப்புத் தண்ணீரோடு வாழ்கிறேன். என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன மீன் வாங்கலாம் சேர்?" என்பதுதான். அதைக் கடைசியில் சொல்கிறேன். ஏனென்றால் மீன் வீட்டுக்குள் வருவதே கடைசியில்தான்.

சுற்றிவரக் கடல் கிடக்க வீட்டுக்குள் எதற்குக் கடல் என்று கேட்பவர்களும் உண்டு. குருநகரிலும் பாசையூரிலும் மீன் ஏலம் கூறும் இடத்தில் நாம் பார்ப்பது செத்த மீனை. என் பெரியம்மா எழுபது வயதில் ஒருநாள் தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு பின்னேரம் முழுக்க அசையாமல் இருந்தார். அவர் தன் வாழ்நாளில் வெட்டிச் சமைத்த மீனுக்குக் கணக்கில்லை. ஆனால் ஒரு மீன் தன் கல்லிடுக்கைக் காப்பதற்காக இன்னொரு மீனைத் துரத்திக்கொண்டு போவதை அவர் பார்த்தது அன்றுதான்.

சரி, என் முதல் தொட்டியின் கதையைச் சொல்கிறேன். சாமான் கணக்கு முழுக்க அதிலிருந்துதான் வரும்.

அது 60 லீற்றர் தொட்டி. பருத்தித்துறையில் இருந்து கானில் கடல்தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினேன். ஐந்து சின்ன மீன்கள். சோளகம் வீசுகிற காலம். தொட்டி விறாந்தையில் இருந்தது, போதாததற்குத் தண்ணீர் சூடாகாமல் இருக்க ஒரு சின்ன மின்விசிறியும் மேலே பூட்டியிருந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் பார்த்தால் தண்ணீர் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கும். ஒன்றரை லீற்றர் வரும். கடல்தண்ணீர் குறைந்தால் கடல்தண்ணீர்தானே விட வேண்டும் என்று கானில் இருந்து எடுத்து விட்டேன். விற்ற கடையிலும் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாவது கிழமை மீன்கள் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு மூலையில் ஒதுங்கி நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக நாலு நாளில் ஐந்தும் செத்துப்போயின.

அன்று இரவு பென்சிலும் கடதாசியும் எடுத்துக்கொண்டு இருந்தேன். ஒரு லீற்றர் கடல்தண்ணீரைத் தாச்சியில் விட்டு வற்றக் காய்ச்சினால் அடியில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு நிற்கும். அதாவது என் தொட்டியில் தொடக்கத்தில் இருந்தது இரண்டு கிலோவும் இன்னொரு நூறு கிராமும். இருபது நாளில் நான் விட்ட 30 லீற்றரோடு இன்னும் ஒரு கிலோவுக்கு மேலே உப்பு உள்ளே போயிருக்கிறது. வெளியே போனது வெறும் தண்ணீர். ஒரு கிராம் உப்புக்கூடப் போகவில்லை. கடலின் உப்பை ஒன்றரை மடங்காக்கி அதற்குள் அந்த மீன்களை நீந்த விட்டிருக்கிறேன். ஆனையிறவு உப்பளத்தைச் சின்ன வயதில் இருந்து பார்த்தவன் நான். பாத்தியில் நீரைப் பாய்ச்சி வெயிலில் விட்டால் தண்ணீர் போகும், உப்பு நிற்கும் என்று வகுப்பில் எத்தனை தரம் படிப்பித்திருக்கிறேன். அதை என் வீட்டு விறாந்தையில் காணாமல் விட்டேன். அந்த ஐந்து மீன்களையும் நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்தான்.

ஆகவே இதைத் திரும்பவும் சொல்கிறேன், நடுவில் வானொலியைப் போட்டவர்களும் கேட்கட்டும். வற்றுவது தண்ணீர், தங்குவது உப்பு. தொட்டியில் குறைவதை நல்ல தண்ணீரால் நிரப்புங்கள். உப்புத் தண்ணீரால் நிரப்ப வேண்டாம்.

இதனால்தான் வாங்கும் சாமான்களில் முதலாவது உப்பளவு பார்க்கும் கருவி என்கிறேன். ரிஃப்ராக்ரோமீற்றர் என்று கேளுங்கள். கைக்கு அடக்கமாக, சின்னத் தூரநோக்கி போல இருக்கும். முனையில் இருக்கும் கண்ணாடியில் தொட்டித் தண்ணீர் இரண்டு துளி விட்டு, மூடியைச் சாத்தி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வையுங்கள். உள்ளே மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி வெள்ளை. நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35 இல் நின்றால் கடல். 40 ஐத் தொட்டால் எங்கோ பிழை. அளவு சரிபார்க்கும் திரவமும் ஒரு சின்னப் போத்தல் சேர்த்து வாங்குங்கள். கருவியே பிழையாகக் காட்டினால் நாம் திருத்துகிற ஒவ்வொன்றும் பிழையாகும்.

நல்ல தண்ணீர் என்றேன். எந்த நல்ல தண்ணீர்? யாழ்ப்பாணத்தில் இது பெரிய கேள்வி. உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைப் பாருங்கள். வெள்ளையாகப் படை கட்டியிருக்கும். நாம் சுண்ணாம்புக்கல்லுக்கு மேலே குடியிருக்கிறோம், கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டுதான் வருகிறது. அதோடு தோட்டங்களுக்குப் போடும் பசளையின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்குவது ஆய்வாளர்கள் பலமுறை எடுத்துக் காட்டிய விஷயம். நாளுக்கு ஒன்றரை லீற்றர் கிணற்றுத் தண்ணீர் விட்டால், தண்ணீர் வற்றிப்போகும், அதில் இருந்ததெல்லாம் தொட்டியில் சேர்ந்துகொண்டே வரும். உப்புக்குச் சொன்ன அதே கணக்குத்தான். பிறகு பச்சைப் பாசி கண்ணாடியை மூடும். ஆகையால் கரைந்திருப்பவற்றை வடித்து நீக்கிய ஆர்ஓ தண்ணீர். குடிப்பதற்கு இன்று ஊர் ஊராக வாங்குகிறோமே, அதுதான். மீனுக்குத் தண்ணீர் வாங்குவதா என்று முதலில் கையைக் கடிப்பது போல இருக்கும். வாங்குங்கள்.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். ஆனையிறவு உப்பை வாங்கிக் கரைத்தால் கடல்தண்ணீர் வராதா என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. உப்பளத்தில் நீர் வற்றும்போது எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. கல்சியம் சேர்ந்த பொருட்கள் முதலில் படியும். பிறகு கறியுப்பு. மக்னீசியம் கடைசிவரை கசப்பு நீரிலேயே நிற்கும், அந்த நீரை வெளியே விட்டுவிடுவார்கள். சமையலுக்கு அதுதான் நல்லது, இல்லாவிட்டால் கறி கசக்கும். ஆனால் அப்படிப் பிரித்தெடுத்த உப்பைத் திரும்பக் கரைத்தால் பாதிக் கடல்தான் வரும். ஆகவே மீன்தொட்டிக்கென்றே கலந்து விற்கும் உப்பை வாங்குங்கள். அது முடியாதவர்கள் வள்ளத்தில் வெளிக்கடலுக்குப் போகும் ஒருவரிடம் கான் கொடுத்து, கரையில் இருந்து தள்ளித் தெளிந்த நீர் எடுத்துவரச் சொல்லலாம். யாழ் நகருக்குப் பக்கத்தில் பண்ணை என்ற இடத்துப் பரவைக்கடல் நீர் வேண்டாம். மாரியில் மழைநீர் சேர்ந்து உப்புக் குறையும், கோடையில் வற்றி ஏறும், ஊர்க் கழிவும் சேரும்.

அப்புறம் தொட்டி. சின்னதாகத் தொடங்கிப் பழகிக்கொண்டு பெரிதுக்குப் போவோம் என்பது எல்லாருக்கும் வரும் யோசனை. கடல்நீருக்கு அது மறுவளம். சின்னத் தொட்டியில் ஒரு பிழை ஒரே நாளில் மீனைக் கொல்லும். பெரியதில் அதே பிழையைக் கண்டு திருத்த உங்களுக்கு நாலைந்து நாள் கிடைக்கும். மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 190 லீற்றர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 195 கிலோ. கண்ணாடி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டும். நாலு வளர்ந்த ஆட்கள் ஒரு மேசையில் ஏறி நிற்கிற பாரம். இரும்பு ஸ்ராண்ட் வேண்டாம், உப்புப்பட்டுத் துருவேறும். மரத்தில் செய்வியுங்கள்.

வெளிநாட்டார் எழுதிய பட்டியல்களில் தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றர் முதலிடத்தில் இருக்கும். நமக்கு அது தேவையில்லை. நம்முடைய சண்டை வெக்கையோடு. 25, 26 பாகையில் தண்ணீர் நின்றால் நல்லது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே அது 30 ஐத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகக் கரையும், அதே நேரம் சூட்டில் மீனுக்கு மூச்சு அதிகம் வேண்டும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? கசிந்து ஆவியாகும் நீர் சூட்டைக் கொண்டு போகிறது. மின்விசிறி செய்வதும் அதுதான், இரண்டு மூன்று பாகை இறக்கித் தரும். குளிரூட்டி இயந்திரத்துக்குப் பெரிய காசு வேண்டும். மின்விசிறியோடு தொடங்கலாம். ஆனால் விசிறி போட்டால் தண்ணீர் கூட வற்றும். வற்றினால் நல்ல தண்ணீர். ஏன் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை.

இனி நீரோட்டமும் மின்சாரமும். மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போலப் பத்து மடங்கு நீரையாவது பம் சுழற்ற வேண்டும். 190 லீற்றருக்கு மணிக்கு 2000 லீற்றர். பெரிய பம் ஒன்றை வாங்குவதைவிடச் சின்னது இரண்டு வாங்குங்கள். ஒன்று நின்றால் மற்றது ஓடும்.

இரண்டும் நின்றால்? 1846 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அன்னா தின் என்ற பெண்மணி டோர்கீ கடற்கரையில் இருந்து உயிருள்ள பவளங்களை ஒரு சாடியில் வைத்து லண்டனுக்குக் கொண்டுவந்தார். மின்சாரமும் இல்லை, பம்பும் இல்லை. அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று, ஒரு பாத்திரத்தில் இருந்து இன்னொன்றுக்கு அந்தத் தண்ணீரை நாள்தோறும் அரைமணி, முக்கால்மணி நேரம் ஊற்றி ஊற்றி எடுப்பார். தேத்தண்ணி ஆத்துவது போலத்தான். காற்றுக் கலந்து பவளம் உயிரோடு இருந்தது. இதை வாசித்த அன்று, அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

2022 பங்குனியில் தெரிந்தது. நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்த நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். முதல் நாள் இரவு மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் ஒரு பேணியை எடுத்தேன். தொட்டியில் அள்ளி, ஒரு முழம் உயரத்தில் இருந்து திரும்ப ஊற்றினேன். பத்து நிமிடம் நான், பத்து நிமிடம் மனைவி, பிறகு பேத்தி. பேத்தி நூறு வரைக்கும் எண்ணிக்கொண்டு ஊற்றுவாள். விடியுமட்டும் மாறி மாறி ஊற்றினோம். ஒரு மீனும் சாகவில்லை. தொண்ணூறுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட ஊர் இது. கரண்ட் இல்லாமல் சமாளிப்பதை நமக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனாலும் பற்றரியில் ஓடும் காற்றுப் பம் ஒன்றைத் தொட்டி வாங்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள். பேணி ஊற்றக் கையில்லாத நேரத்திலும் கரண்ட் போகும்.

மின்சாரம் என்றபடியால் இதையும் கேளுங்கள், இது மனித உயிர் விஷயம். உப்புத் தண்ணீர் நன்றாக மின்சாரம் கடத்தும். வீட்டில் மின்கசிவு வந்தால் தானாகக் கரண்டை நிறுத்தும் ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு பிளக்கைக் குத்துங்கள். ஒவ்வொரு வயரும் பிளக்குக்கு ஏறுமுன் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். வயர் வழியே வழியும் துளி அந்த வளைவில் நிலத்தில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

கழிவெடுக்கும் ஸ்கிம்மருக்கு வருகிறேன். பருப்பு அவியும்போது மேலே திரளும் நுரையை அகப்பையால் அள்ளி எறிகிறோம் அல்லவா? ஸ்கிம்மர் தண்ணீருக்குள் மிக நுண்ணிய குமிழிகளை விடும். மீனின் கழிவும் சாப்பாட்டு மிச்சமும் குமிழியில் ஒட்டிக்கொண்டு நுரையாக ஏறி மேலே ஒரு கோப்பையில் விழும். பிளேன்ரீ நிறத்தில், சகிக்க முடியாத மணத்தோடு ஒரு நீர் சேரும். அது தொட்டிக்குள் அழுகாமல் வெளியே வந்துவிட்டது என்று நான் ஒவ்வொரு கிழமையும் சந்தோசப்படுவேன். 190 லீற்றருக்கு இதை வாங்குவது வீண் செலவு இல்லை. பித்தளைச் செம்பால் தண்ணீர் அள்ளி விடாதீர்கள், செம்பு உலோகம் கரைந்தால் இறாலும் நத்தையும் தாங்காது...

கண்ணாடிக்கு அப்பால் தயாரிப்பாளர் இரண்டு விரலைக் காட்டுகிறார். விளக்குகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தேன், அதை விடுவோம். மீன் மட்டும் வளர்ப்பவருக்குச் சாதாரண எல்ஈடி விளக்குப் போதும். கடலில் உயிரோடு இருக்கும் முருகைக்கல்லைப் பெயர்த்து எடுக்க வேண்டாம், சட்டப்படி குற்றம். தொட்டிக்கென்று செய்த செயற்கைக் கல் போதும்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒரு துண்டு பச்சை இறாலைப் போட்டு அழுக விடுங்கள். அதில் இருந்து அமோனியா வரும். அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா கல்லிலும் மணலிலும் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அமோனியா, நைத்திரைற்றுச் சோதனைப் பெட்டி இரண்டும் வாங்கி, இரண்டும் பூச்சியம் காட்டும்வரை பொறுங்கள். வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஆறு கிழமை இருப்பது கஷ்டம், எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு மீன். ஒரு சோடி கோமாளி மீன். கடலில் பிடித்ததை விட்டு, வளர்ப்புப் பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததைக் கேட்டு வாங்குங்கள். எதிர்க்கரையில், தமிழ்நாட்டின் மண்டபம் என்ற ஊரில் உள்ள கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். கோமாளி மீன் கடலில் ஒதுங்கி வாழ்வது கடற்சாமந்தி என்ற உயிரினத்துக்குள், ஆனால் தொட்டியில் அது கட்டாயம் இல்லை. சோடியில் பெரியது பெண், சின்னது ஆண். பெண் செத்துப்போனால் ஆண் வளர்ந்து பெண்ணாக மாறும், அது ஒரு பெரிய கதை, நேரம் முடிந்துவிட்டது. நன்றி, வணக்கம்.