பழைய சின்னக் காருக்கு எந்த பிளக்?

நேயர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்தில் பழைய கார் வேலை பார்க்கிற மெக்கானிக் யாராக இருந்தாலும், இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் பற்றித் தினமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, இருக்கறதுலயே நல்ல பிளக்கா பார்த்துப் போட்டுடுங்க, காசு பத்தி கவலையில்ல." எனக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சங்கடம்தான். ஏனென்றால் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய பிளக், உங்கள் இன்ஜினுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத பிளக்காக இருக்கலாம்.

நம் பக்கம் பழைய சின்னக் கார் என்றால் பெரும்பாலும் மாருதி 800. 1983 டிசம்பரில் வந்தது, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், மூன்று பிளக். அதில் ஒன்று படுத்தாலே மூன்றில் ஒரு பங்கு இழுவை போய்விடும். ரயில்வே மேம்பாலம் ஏறும்போதே வண்டி குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். ஆம்னி வேனுக்கும் இதே கதைதான்.

பொறி விடுவதோடு பிளக்கின் வேலை முடிவதில்லை. உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான், தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதுவே 850 டிகிரியைத் தாண்டிவிட்டால், பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் பிஸ்டன் உருகி ஓட்டை விழும். மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும், அதை ஹாட் பிளக் என்கிறோம். குட்டையாக இருந்தால் சூடு சீக்கிரம், பிளக் மாட்டியிருக்கும் இன்ஜின் மேல்பாகமான ஹெட்டுக்குப் போய்விடும், அது கோல்டு பிளக். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். பிளக்கின் மேல் இருக்கும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

எண் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். என்.ஜி.கே., டென்சோ என்ற இரண்டு கம்பெனி பிளக்கிலும் எண் கூடக்கூட கோல்டு. பாஷ், சாம்பியன் இரண்டிலும் எண் கூடக்கூட ஹாட். நேர் எதிர்! என்.ஜி.கே.யில் 6 என்றால் பாஷில் ஏறக்குறைய 7, டென்சோவில் 20. "6 இல்லீங்க, 7 இருக்கு, ஒரு நம்பர்தானே, போடுங்க" என்று கடைக்காரர் கொடுத்தால், எந்தக் கம்பெனி என்று பார்க்காமல் வாங்கக் கூடாது. பாஷை நம் ஊரில் இன்னும் மைக்கோ பிளக் என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனி 2008லேயே பெயரை மாற்றிவிட்டது, நம் வாய்தான் மாறவில்லை.

மற்ற எழுத்துகளுக்கும் அர்த்தம் உண்டு. பி.பி.ஆர்.6.இ.எஸ். என்று ஓர் என்.ஜி.கே. பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பி, மரையின் குறுக்களவு 14 மி.மீ. என்கிறது. அடுத்த பி-க்கு மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரகம் என்று பொருள். ஆர் என்றால் உள்ளே ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இருக்கிறது. 6 வெப்ப எண். இ என்பது மரையின் நீளம், 19 மி.மீ. இதே இடத்தில் ஹெச் இருந்தால் நீளம் 12.7 மி.மீ.தான். அவசரத்துக்குப் பெட்டியில் கிடந்த குட்டைக் கழுத்து பிளக்கை மாட்டி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி ஓடத்தான் ஓடும். ஆனால் ஹெட்டில் மீதமிருக்கும் மரையில் கரி இறுகிவிடும், அப்புறம் சரியான பிளக்கை மாட்டப் போனால் உள்ளே ஏறாது. நீளம் கூடுதலாக இருந்தால் இன்னும் மோசம், பிஸ்டன் வந்து இடிக்கும்.

அந்த ஆர் எழுத்தை, காரில் ரேடியோ கேட்கிறவர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் மத்திய அலையில் 'கிர்ர்' என்று இரைச்சல் வரும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இரைச்சலும் கூடவே ஏறும். இப்போது வண்டியில் போய்க்கொண்டே இந்த உரையைக் கேட்கிறீர்கள், என் குரலோடு அந்தச் சத்தமும் வருகிறது என்றால் பிளக், பிளக் ஒயர் இரண்டையும் சோதியுங்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருகிற கார்ப்பரேட்டர் போய், கம்ப்யூட்டர் கணக்கில் பெட்ரோலைப் பீய்ச்சுகிற எம்.பி.எஃப்.ஐ. வந்த பிந்தைய மாடல்களில், அந்த இரைச்சல் கம்ப்யூட்டர் பெட்டியையும் குழப்பலாம் என்பதால், ஆர் இல்லாத பிளக்கைத் தொடவே வேண்டாம்.

சரி, எந்த எண்ணை வாங்குவது? வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருக்கும் எண்தான் முதல். கையேடு தொலைந்திருந்தால் கழற்றிய பழைய பிளக்கோடு கடைக்குப் போங்கள். அது சரியான பிளக்தானா என்பதையும் அதன் முகமே சொல்லும். பால் தூக்கலாகப் போட்ட டிகிரி காபியின் நிறத்தில் மூக்கு இருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, அதே எண்ணை வாங்குங்கள். வெள்ளை வெளேரென்று, பொரிப்பொரியாக இருந்தால் சூடு அதிகம், அல்லது கலவையில் பெட்ரோல் குறைவு. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. அதற்கு எந்தப் பிளக் போட்டும் பயனில்லை.

உலர்ந்த கரி படிந்திருப்பதுதான் டெல்டாவில் அதிகம் பார்ப்பது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மாசி மாதத்தில் வந்தார். "தம்பி, தீபாவளிக்கு முன்னாலதான் மூணும் மாத்தினோம். மறுபடியும் மிஸ் அடிக்குது. இன்னும் ஹாட்டா ஒண்ணு போட்டா கரி பிடிக்காதுன்னு கடையில சொல்றாங்களே?" என்றார். "இருங்க சார், முதல்ல ஏர் ஃபில்டரைப் பார்த்துடுவோம்" என்று மூடியைத் திறந்தேன். ஃபில்டரின் மடிப்புக்கு மடிப்பு நெல் சுணையும் வைக்கோல் தூசியும் அப்பிக் கிடந்தன. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை முடிந்து ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுகிறோம், வைக்கோலைப் பரப்புகிறோம். அதன் மேலேயே கார் போய் வருகிறது. காற்று அடைபட்டால் கலவையில் பெட்ரோல் தூக்கலாகிவிடும், பிளக் கரியாகத்தான் செய்யும். ஃபில்டரை மாற்றி, காற்று வழியை மூடித் திறக்கும் சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்து, அதே பிளக்குகளைத் துடைத்து மாட்டி அனுப்பினேன்.

கடைக்காரர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஊரிலிருந்து கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வருகிற வண்டியில் இன்ஜின் சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். மற்றதெல்லாம் சரியாக இருந்தும் கரி விடாவிட்டால், கையேடு இடம் கொடுக்கும் பட்சத்தில், ஒரே ஒரு படி ஹாட்டாகப் போகலாம். அந்த வண்டியையே சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு சென்னைக் கல்யாணத்துக்கு விரட்டுவதாக இருந்தால் அது வேண்டாம்.

இரிடியம் பிளக் பற்றிக் கேட்பீர்கள். நல்ல பொருள்தான், முனை சீக்கிரம் தேயாது. ஆனால் வருஷத்துக்கு நாலைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற பழைய கார்ப்பரேட்டர் வண்டிக்கு, சாதாரண காப்பர் பிளக்கே மூன்று வருஷம் தாங்கும். பொறிக்கான கரண்டை விட்டுவிட்டுத் தருகிற பாயின்டும் கண்டன்சரும் தேய்ந்து கிடக்க, பிளக்கில் மட்டும் இரிடியம் போட்டு என்ன பிரயோசனம்? அந்தக் காசுக்கு நல்ல பிளக் ஒயர் வாங்கலாம் என்பதே என் கட்சி.

ஒயர் என்றதும் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பல, பிளக்கின் மேல் வீணாகப் பழி போடுகிற கேஸ்கள். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் கோத்திருக்கும், அல்லது ஒயரில் வெடிப்பு இருக்கும். இருட்டிய பிறகு பானெட்டைத் தூக்கி இன்ஜினை ஓடவிட்டு, கை வைக்காமல் பாருங்கள். ஒயர்மேல் நீலப் பொறி ஊர்ந்தால் கரண்ட் அங்கேயே கசிகிறது. அறுப்பு முடிந்ததும் வயல் எலி கொட்டகைக்கு வந்துவிடும், ஒயரைக் கடிக்கிற கூத்தும் உண்டு.

போலி பிளக்கும் நிறைய நடமாடுகிறது. எழுத்து மங்கலாக இருந்தாலோ, மரை சொரசொரப்பாக இருந்தாலோ, வாசர் கையோடு கழன்று வந்தாலோ வாங்காதீர்கள்.

வாங்கியபின் கேப், அதாவது பொறி பாயும் இடைவெளி, பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டர் வண்டிகளில் பெரும்பாலும் 0.7 முதல் 0.8 மி.மீ., எம்.பி.எஃப்.ஐ.யில் இன்னும் அதிகம். கையேடு சொல்வதே கணக்கு. இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள், பிளேடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். வளைப்பதாக இருந்தால் வெளிக்கம்பியை மட்டும் வளையுங்கள். கேஸுக்கு மாற்றிய வண்டியில் பொறி பாய அதிக வோல்டேஜ் தேவைப்படும், அதனால் கேப்பைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம்.

மாட்டும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை கெட்டுவிடும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை சைக்கிள் பம்பால் ஊதிவிடுங்கள். புதுப் பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, அப்புறம் ஸ்பேனரால் அரைச் சுற்றிலிருந்து முக்கால் சுற்றுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் லேசான ஓர் இறுக்கு போதும், வாசர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். மூன்று ஒயரையும் ஒரே நேரத்தில் பிடுங்காமல் ஒவ்வொரு பிளக்காக மாற்றுங்கள். மாறிப்போய்விட்டால், மாருதி 800க்குப் பொறி வரிசை 1, 3, 2.

நன்றி, வணக்கம்.