"மாசம் எவ்வளவு கட்ட ஏலும்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் நின்று கதைக்கிறேன். கச்சான் காற்று அடிக்கிறது, சத்தம் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பின்னால் நிற்கிற வெள்ளை வேகன் ஆர் கார் என் அக்காவுடையது, பழைய கார்தான். வாங்கிப் பத்து நாள் ஆகிறது. அதற்காக ஏழு வாரம் அலைந்தோம். டவுன், ஏறாவூர், செங்கலடி, கல்முனை, எல்லா இடமும் போனோம்.

அக்கா டீச்சர். அம்மாவை மாதம் இரண்டு தடவை போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஓட்டோவில் ஏறி இறங்க அம்மாவுக்கு இனி ஏலாது. நாலு வருடம் சீட்டுக் கட்டி எடுத்த காசும், இரண்டு சோடிக் காப்பு அடகு வைத்த காசும்தான் கையில் இருந்தது. அதில் ஒரு லட்சம் ஏமாந்து போனாலும் போவது அக்காவின் காப்பு. அதனால்தான் நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

முதலில் போன கார் சேலின், அதாவது பழைய கார் விற்கிற இடத்தின், பெயர் வேண்டாம். உட்காரச் சொன்னார்கள், பிளேன்டீ வந்தது. அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், மாசம் எவ்வளவு கட்ட ஏலும்?" அக்கா வெள்ளந்தியாக, "எழுபத்தஞ்சு மட்டும் சமாளிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் கல்குலேட்டரில் எதைத் தட்டினாலும் எழுபத்தைந்தாயிரத்தில் வந்து நின்றது. காரின் விலையைப் பற்றி ஒரு மணித்தியாலத்தில் ஒரு நிமிடம்கூட நாங்கள் கதைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு அது உறைத்தது.

அன்று இரவு போட்ட கணக்கு இந்தக் கொப்பியில் இருக்கிறது, கிட்டக் காட்டுகிறேன். கார் 60 லட்சம். கையில் 30, லீசிங், அதாவது வாகனக் கடன், 30. வட்டி 10 வீதம் என்றார், ஃப்ளாட். அதாவது நீங்கள் மாதா மாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும், ஐந்து வருடமும் முழு 30 லட்சத்துக்கே வட்டி. வருடம் 3 லட்சம், ஐந்து வருடத்துக்கு 15 லட்சம். மொத்தம் 45 லட்சத்தை 60 மாதத்துக்குப் பிரித்தால் சரியாக 75,000. இதையே மீதி நிற்கிற முதலுக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் வருடத்துக்கு 17 வீதத்துக்கு மேல் வருகிறது. பத்து என்று சொன்னது பதினேழு.

இரண்டாம் முறை போனபோது, "டீச்சருக்காக ஒரு லட்சம் குறைக்கிறன்" என்றார். எங்களுக்குச் சந்தோஷம். ஆனால் தாளைப் பார்த்தால் வட்டி 11 வீதம். "மாசம் 2,500தான் கூடும்" என்றார். 30 லட்சத்துக்கு 1 வீதம் என்றால் வருடம் 30,000, ஐந்து வருடத்துக்கு ஒன்றரை லட்சம். குறைத்தது ஒரு லட்சம், கூட்டியது ஒன்றரை லட்சம். பல இடங்களில் லீசிங்கைக் கொண்டுவந்து கொடுக்கிற சேலுக்கு அந்த நிறுவனத்திடமிருந்து கொமிஷனும் உண்டு. அதனால்தான் காரைவிட லீசிங்கை விற்பதில் அவர்களுக்கு அவ்வளவு ஆர்வம்.

ஆகவே லீசிங்கை முதலில் நீங்களே போய்க் கதையுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். மாதத் தொகையை விடுங்கள். மொத்தமாக எவ்வளவு கட்டி முடிப்பேன், இடையில் முழுவதையும் கட்டி முடித்தால் என்ன அறவிடுவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காரின் பெறுமதியில் எத்தனை வீதம் லீசிங் கொடுக்கலாம் என்பதற்கு மத்திய வங்கி எல்லை வைத்திருக்கிறது, அதனால் மதிப்பீட்டு அறிக்கை எடுப்பார்கள். அந்த அறிக்கையில் வந்த தொகையைக் கேட்டு வாங்குங்கள். 60 கேட்கிற காருக்கு மதிப்பீடு 56 என்றால், விலை கதைக்க அதைவிடப் பெரிய பிடி வேறு கிடையாது. பிறகு கார் சேலுக்குப் போய், மாதக் கட்டணம் பற்றி யார் கேட்டாலும், "அது எங்கட பாடு அண்ணே, காருக்கு மொத்த விலையைச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்தது அவசரப்படுத்துவது. "நாளைக்குக் கொழும்பில இருந்து ஒரு பார்ட்டி அட்வான்ஸோட வருது." ஏழு வாரத்தில் இதை நான்கு இடத்தில் கேட்டோம். அதில் ஒரு கார் மூன்று வாரம் கழித்தும் அதே இடத்தில் தூசியோடு நின்றது. இன்னொன்று, "டொலர் ஏறுது, வரி கூடுது, இப்ப எடுக்காட்டிப் பிறகு எடுக்க ஏலாது." இந்தப் பயம் நமக்குச் சும்மா வரவில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, 2025 பெப்ரவரி 1இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் வாங்கிய விலையைவிடக் கூட்டிப் பழைய காரை விற்றதை நாம் எல்லாரும் கண்ணால் பார்த்தோம். அந்தப் பழக்கத்தில் இன்னும் ஓடிப்போய்க் காசைக் கொடுக்கிறோம். இறக்குமதி வரி பெரிய வரிதான், பழைய காரின் விலை சட்டென்று விழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்போது கப்பலில் கார் வருகிறது. நாளைக்கு ஒரு கார் போனால் நாளன்றைக்கு இன்னொன்று வரும்.

சரி, இப்போது காருக்குக் கிட்டப் போவோம். காத்தான்குடியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் நானா ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போனதுதான் நாங்கள் செய்த மிக நல்ல காரியம். அவர் பொனட்டைத் திறக்கவே இல்லை, முதலில் டயரடியில் குந்தினார். இங்கே பாருங்கள், டயரின் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். செங்கலடிப் பக்கம் பார்த்த ஒரு 2017 காரின் மீட்டர் 38,000 கிலோமீட்டர் காட்டியது. டயர் நாலும் 2024இல் செய்தவை, அதாவது இடையில் மாற்றியவை, அவையும் தேய்ந்து மொட்டை. நானா பிரேக் பெடலின் ரப்பரைத் தடவச் சொன்னார், வலது ஓரம் வழுவழு என்று இருந்தது. "தம்பி, இது முப்பத்தெட்டு ஓடின பெடல் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். மீட்டரைத் திருப்பலாம், ரப்பரைத் திருப்ப ஏலாது.

பிறகு சீட் பெல்ட். முழுவதையும் கடைசி மட்டும் இழுங்கள். வெள்ளத்தில் நின்ற கார் என்றால் உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும், கழுவுகிறவர்கள் அதை மறந்துவிடுவார்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் வெள்ளத்தில் நாடு முழுக்க எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. அதில் சில கழுவித் துடைத்து எந்த ஊர்ச் சந்தையிலும் நிற்கலாம். வேகன் ஆர் ஹைபிரிட்டில் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் லித்தியம் பற்றரி இதோ இந்த இடது பக்க முன் சீட்டுக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் தரை மட்டத்துக்கு ஏறினாலே அதற்குக் கிட்ட வந்துவிடும். சீட்டைப் பின்னால் தள்ளி, ஆணிகளில் துரு இருக்கிறதா, கார்ப்பெட்டின் கீழ் மணக்கிறதா என்று பாருங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொன்று உண்டு, உப்பு. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. கல்லடியிலோ நாவலடியிலோ வெளியில் நிறுத்தி வைத்த கார் என்றால் கதவின் கீழ் விளிம்பிலும் அடிப்பக்கத்திலும் துரு கட்டாயம் வரும். புதுப் பெயின்ட் பளபளத்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவடியில் வையுங்கள். பட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாமல் விழும்.

இதையெல்லாம் நானா சொல்லச் சொல்ல அக்கா கொப்பியில் எழுதினார். டயர் நாலு, முன் சொக் அப்சோபர் இரண்டு, ஏசி காஸ், ஒவ்வொன்றுக்கும் நேரே செலவு. விலை கதைக்கும்போது, "கொஞ்சம் குறைங்க அண்ணே" என்று நாங்கள் கெஞ்சவில்லை. கொப்பியை மேசையில் வைத்தோம். கெஞ்சினால் அவருக்கு இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம், எழுதிய செலவுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். "டயரை நானே போட்டுத் தாறன்" என்று ஒருவர் சொன்னார். ஒத்துக்கொள்ளாதீர்கள், போடுவது பழைய டயராக இருக்கும். காசாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

இந்தக் காருக்கு 59 கேட்டார்கள். அக்கா 54 என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். எனக்கு வாய் துடித்தது, ஐம்பத்தைந்து என்று சொல்ல வந்துவிட்டேன், அக்கா மேசைக்குக் கீழே காலை மிதித்தார். இரண்டு நிமிடம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அந்த அண்ணனே, "சரி டீச்சர், ஐம்பத்தேழு" என்றார். கடைசியில் 56 லட்சத்து 25 ஆயிரத்தில் முடிந்தது. அவர் மரியாதையான மனிதர், கராஜில் ஏற்றிப் பார்க்கவும் கம்பியூட்டரில் ஸ்கேன் பண்ணவும் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கராஜுக்கு விடமாட்டேன் என்று சொல்கிற இடத்தில் நான் இனித் தேநீரும் குடிக்கமாட்டேன்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீர்ந்த கடிதம் இல்லாமல் முழுக் காசைக் கொடுக்காதீர்கள். காரின் உடலில் அடித்திருக்கிற செசி நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஓபன் பேப்பரில், அதாவது பெயர் மாற்றாமல் பழைய உரிமையாளரின் கையெழுத்துத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு, வாங்காதீர்கள், பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுத்தால் பற்றுச்சீட்டில் செசி நம்பர், பேசிய மொத்த விலை, ஸ்கேனில் பிழை வந்தால் காசு திரும்ப என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும்.

கையெழுத்து வைக்கிற அன்று ஒப்பந்தத் தாளில் கடைசியில் ஒரு புது வரி வந்தது, டொக்கியுமென்ட் செலவு 35,000 என்று. அது வரைக்கும் யாரும் சொல்லாதது. அக்கா சண்டை பிடிக்கவில்லை. பேனையை மூடிக் கைப்பைக்குள் வைத்து, "அண்ணே, நாங்க பேசினது ஐம்பத்தாறு இருபத்தஞ்சு" என்றார். அவர் அந்த வரியை வெட்டிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார்.

அடுத்த வீடியோவில் நானாவையே கூட்டிவந்து ஹைபிரிட் பற்றரி பார்க்கிற விதத்தைக் காட்டச் சொல்கிறேன், உங்கள் கேள்விகளைக் கீழே எழுதுங்கள். இன்றைக்கு அம்மாவுக்குக் கிளினிக். அக்கா ஹோர்ன் அடிக்கிறார், நான் வருகிறேன்.