கடைசி வரிசைக்குக் கேட்ட குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்தன்றோ பங்குனி உத்திரத்தன்றோ விடியற்காலையில் நீங்கள் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கும்போது, ஊர்க் கோடியிலிருக்கும் முருகன் கோயிலிலிருந்து ஒரு பாட்டு வரும். "பழம் நீயப்பா, ஞானப்பழம் நீயப்பா." இதைக் கேட்காத தமிழ்க் காது இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கோயில்களில் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கி எந்தக் குரலையும் கொஞ்சம் கிழித்துத்தான் வெளியே அனுப்பும். இந்த ஒரு குரலை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வயல்களைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, ஒரு எழுத்துக்கூடச் சிதையாமல் வந்து சேர்கிறது.

அந்தக் குரலுக்கு உரியவர் கொடுமுடி பாலாம்பாள் சுந்தராம்பாள். கே. பி. சுந்தராம்பாள் என்றால் இரண்டு சித்திரங்கள் நமக்கு உடனே தோன்றும். ஒன்று, வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைய நீறுமாக நிற்கும் ஔவையார். மற்றொன்று, நாடக நடிகர் கிட்டப்பாவைக் காதலித்து, இளம் வயதிலேயே அவரை இழந்தவர். இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றுக்கு நடுவே ஒரு சுந்தராம்பாள் இருக்கிறார். பேசும் படம் தமிழில் தொடங்கி நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தபோது, அந்தப் புதிய தொழிலைத் தன் நிபந்தனைக்கு வரவைத்த பெண் அவர். அவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

1908ஆம் ஆண்டு கொடுமுடியில் பிறந்தார். ஈரோட்டிலிருந்து கரூர் வழியாகத் திருச்சி போகிற ரயிலில் சென்றவர்களுக்குத் தெரியும், காவிரிக் கரையில் வரும் ஊர். மகுடேசுவரர் கோயில் இருக்கும் ஊர். அந்த ரயிலில்தான் சிறுமி சுந்தராம்பாள் பாடினார். வீட்டில் வறுமை. பாடினால் காசு.

ரயிலில் பாடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு கணம் அந்த வேலையை நினைத்துப் பாருங்கள். கீழே சக்கரச் சத்தம், முன்னால் நீராவி எஞ்சின் ஊதல், பெட்டிக்குள் ஐம்பது பேருடைய பேச்சு. அடுத்த நிலையம் வருவதற்குள் பாட்டு முடிய வேண்டும். பெட்டியின் இந்தக் கோடியில் பாடுவது அந்தக் கோடியில் இருப்பவர் காதில் விழ வேண்டும். சொல் புரிய வேண்டும், மனம் இரங்க வேண்டும், கை மடிக்குப் போக வேண்டும். இவ்வளவையும் ஒரு குழந்தை தினமும் செய்தது. அவருக்கு யார் குரு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இந்த ரயில் பெட்டிதான்.

ரயிலில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் வழியாகத்தான் நாடக உலகம் அவரைக் கண்டுகொண்டது. வேலு நாயர் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே 'நல்லதங்காள்' நாடகத்தில் பிள்ளைகளில் ஒருவராக வேடம். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கும் சோறு கிடைக்காமல், கடைசியில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளி, தானும் விழுந்த தாயின் கதை அது. அதில் "பசிக்குதே, வயிறு பசிக்குதே" என்று ஒரு பாட்டு. அதைப் பாடித்தான் சிறுமி சுந்தராம்பாள் பெயர் வாங்கினார் என்று சொல்வார்கள். அந்தப் பாட்டை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இங்கே கொஞ்சம் நின்று அன்றைய நாடகக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நின்றால் அதிகமாகவே நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் அவருடைய சினிமாவைப் புரிந்துகொள்ள இந்தக் கொட்டகையைத் தவிர வேறு வழியில்லை.

என் தாத்தா இளைஞராக இருந்தபோது சுந்தராம்பாளின் 'வள்ளி திருமணம்' பார்க்க மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனவர். நாடகம் இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்போதுதான் மங்களம். வெளிச்சத்துக்கு காஸ் விளக்குகள். ஒலிபெருக்கி கிடையாது. ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு ஒரு மனிதக் குரல் தன் சொந்த பலத்தில் போய்ச் சேர வேண்டும். பக்கத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், அவ்வளவுதான். தாத்தாவுக்குக் கிடைத்தது கடைசி வரிசை. "அந்த அம்மாள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் பாட்டில் ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை" என்று எழுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இதை ஒரு நூறு தடவையாவது கேட்டிருப்போம். ஒவ்வொரு தடவையும் கையை நீட்டி, மேடை எவ்வளவு தூரம் என்று காட்டுவார்.

இந்த நாடகங்களுக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒரே கம்பெனி ஆட்கள் சேர்ந்து நடிப்பதல்ல. ராஜபார்ட், அதாவது நாயக வேடக்காரர், ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட், அதாவது நாயகி வேடக்காரர், வேறோர் ஊரிலிருந்து வருவார், ஒத்திகை கிடையாது. வேலனும் வள்ளியும் மேடையில்தான் சந்திப்பார்கள். அங்கேயே பாட்டில் தர்க்கம் நடக்கும். ஒருவர் ஒரு ராகத்தில் கேள்வியை எறிந்தால் மற்றவர் அதே சுருதியில் பிடித்துத் திருப்பி எறிய வேண்டும். பிடிக்கத் தவறினால் கூட்டம் விடாது. அப்படிப்பட்ட மேடைகளில்தான் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சுந்தராம்பாள் பழகினார்.

செங்கோட்டை கிட்டப்பாவைச் சந்தித்ததும் இலங்கையில்தான். அந்த அம்மாளோடு மேடை ஏறாதே, பாட்டில் உன்னை மீறிவிடுவார் என்று கிட்டப்பாவை நண்பர்கள் எச்சரித்ததாக ஒரு பேச்சு உண்டு. ஏறினார்கள். இருவருக்கும் சரியான ஜோடி கிடைத்தது. திருமணமும் நடந்தது. பிறகு பிணக்கும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இறந்தார். அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து.

வெள்ளைச் சேலை அன்று உடுத்தியது. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே கண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்த மாட்டேன். ஒரு நாடக நடிகை ஜோடி சேர்ந்து நடிக்க மாட்டேன் என்பது, ஓர் உழவர் இனி ஏர் பிடிக்க மாட்டேன் என்பதைப் போன்றது. அவருடைய வருமானம் முழுவதும் வள்ளியாகவும் நாயகியாகவும் நின்று சம்பாதித்தது. அந்த வாசலைத் தானே அடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் 'நந்தனார்' படம் எடுக்க ஹஸன்தாஸ் என்ற வணிகர் வந்தார். வந்தவரைத் திருப்பி அனுப்புவதற்காகவே, யாரும் கேட்டிராத ஒரு தொகையைச் சுந்தராம்பாள் சொன்னாராம். ஒரு லட்சம் ரூபாய். வந்தவர் சரி என்றுவிட்டார்.

ஒரு லட்சம் என்றால் இன்று நமக்குப் பெரிதாகத் தெரியாது. பவுன் முப்பது ரூபாயைத் தொடாத காலம் அது. மூவாயிரம் பவுனுக்கு மேல் வாங்கலாம். ஓர் ஆண் நட்சத்திரத்துக்கும் கொடுத்திராத பணத்தை, இருபத்தாறு இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு, அதுவும் நாயகி வேடம் போட மறுத்த பெண்ணுக்குக் கொடுத்தார்கள். வேடம் நந்தனார். ஆண் வேடம். நாடக மேடையில் பெண்கள் ராஜபார்ட் போடுவதும் ஆண்கள் ஸ்திரீபார்ட் போடுவதும் புதிதல்ல. அந்த வழக்கத்தை அவர் தன் விரதத்துக்குத் துணையாக்கிக்கொண்டார். எதிரே வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். இயக்கியவர் எம். எல். டாண்டன். 1935இல் படம் வெளிவந்தது.

நந்தனார் கதை உங்களுக்குத் தெரியும். தில்லைக்குப் போய் நடராசரைப் பார்க்க வேண்டும் என்று ஏங்கும் பண்ணையாள், அனுமதி தராத ஆண்டை. கோபாலகிருஷ்ண பாரதியின் கீர்த்தனைகளால் ஊர் ஊராகப் பரவிய கதை. "வருகலாமோ ஐயா" என்று கோயிலுக்கு வெளியே நின்று கேட்கும் குரலுக்கு, ரயில் பெட்டியில் கையேந்திப் பாடிய ஒருவரைவிடப் பொருத்தமானவர் யார்?

ஆனால் படத்தைப் பார்த்த கல்கி ஆனந்த விகடனில் கடுமையாக எழுதினார். படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமையும்தான் என்கிற பொருளில் வந்த அந்த விமர்சனம் இன்றுவரை எல்லோராலும் மேற்கோள் காட்டப்படுகிறது. கல்கியிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பல ஆண்டுகளாக மனத்துக்குள் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அன்று பின்னணிப் பாடல் என்பதே கிடையாது. தமிழில் அது 1938இல் 'நந்தகுமார்' படத்தில்தான் வந்தது. 1935இல் நடிக்கிறவரே, நடிக்கும்போதே பாட வேண்டும். கேமராவின் கண்ணுக்குப் படாமல் எங்கோ ஒலிவாங்கியை மறைத்து வைத்திருப்பார்கள். பக்கவாத்தியக்காரர்கள் மறைவாக உட்கார்ந்து வாசிப்பார்கள். பாடுகிறவர் நான்கு அடி நகர்ந்தால் குரல் தேய்ந்துவிடும், முகத்தைத் திருப்பினால் சொல் போய்விடும். காக்கை கரைந்தாலும் மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒருவரை ஓர் இடத்தில் நட்டு வைத்துவிட்டு, மரத்தைப் போல நிற்கிறார் என்று எப்படிக் குறை சொல்வது? இன்னொன்றும் இருக்கிறது. கடைசி வரிசை வரை போக வேண்டும் என்று இருபது ஆண்டுகள் பழகிய குரலை, ஒரு முழத் தூரத்தில் இருக்கும் கருவியிடம் பேசச் சொல்கிறார்கள். கைவீச்சும் கண்வீச்சும் கொட்டகைக்கு ஏற்ற அளவில் இருந்தவை. அவற்றையெல்லாம் திடீரென்று சுருக்கச் சொல்கிறார்கள். அன்று நாடகத்திலிருந்து வந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சங்கடம் இருந்தது. அவர்கள் தடுமாறிக் கற்ற பாடத்தின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் இயல்பாக நடித்தார்கள்.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து நேரத்தைக் காட்டுகிறார்கள். நான் கொண்டு வந்த குறிப்புகளில் பாதி இன்னும் மேசை மேல்தான் இருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

காங்கிரஸ் இயக்கத்துக்கு அவர் தன் குரலைக் கொடுத்தார். தலைவர் சத்தியமூர்த்தியின் தூண்டுதல் அதில் உண்டு. "காந்தியோ பரம ஏழை சந்நியாசி" என்ற இசைத்தட்டு வீடு வீடாக ஒலித்தது. கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு வைத்தாராம். "உணவு மட்டும்தானா, தட்டும் எனக்கா?" என்று காந்தி கேட்க, தட்டையும் கொடுத்துவிட்டாராம். பிற்காலத்தில் சென்னை சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார்.

படங்கள் மிகக் குறைவு. 1940இல் 'மணிமேகலை', துறவி வேடம். பிறகு பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1953இல் ஜெமினியின் 'ஔவையார்', எஸ். எஸ். வாசன் தயாரிக்க, கொத்தமங்கலம் சுப்பு இயக்கியது. 1964இல் 'பூம்புகார்' படத்தில் கவுந்தி அடிகள். அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்'. 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகி என்ற தேசிய விருது. 1970இல் பத்மஸ்ரீ. 1980இல் மறைந்தார். கணக்குப் பாருங்கள், கிட்டப்பாவுக்குப் பிறகு நாற்பத்தேழு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் ஒரு படத்திலும் அவர் யாருக்கும் ஜோடியாக நிற்கவில்லை.

'ஔவையார்' படத்தில் கோட்டையை யானைகள் தகர்க்கும் காட்சியைப் பற்றிப் பேச ஆசைப்பட்டேன். அதற்கு நேரமில்லை. 'திருவிளையாடல்' பாட்டை இப்போது ஒலிபரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். படம் வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. 'பழம்' என்கிற சொல் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்த ழகரத்தை மட்டும் கவனியுங்கள். கூடுமானால் வானொலியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, தள்ளி உட்கார்ந்து கேளுங்கள்.

வணக்கம்.