கண்மாய்க்கரையில் ஒரு துணை விலங்கு

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆச்சிமார்களே, இளைஞர்களே, வணக்கம்.

தியானத்தில் அமர்ந்து தனக்கென்று ஒரு விலங்கைத் துணையாகக் கண்டுகொள்ளும் வழக்கம் இப்போது நம் பிள்ளைகளிடமும் பேச்சாகியிருக்கிறது. கைப்பேசியில் சில கேள்விகளுக்கு விடை சொன்னால் ‘நீ ஓநாய்’, ‘நீ கழுகு’ என்று முடிவு வந்துவிடுகிறது. கழுதை வந்ததாகச் சொன்னவரை நான் இதுவரை கண்டதில்லை. இந்த எண்ணம் வேரோடிய நிலங்களில் அது இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில்லை. வட அமெரிக்காவின் பேரேரிகளை ஒட்டி வாழும் ஒஜிப்வே மக்களுக்குக் கொக்கு, கரடி, மீன் என்று விலங்குகளின் பெயரால் குலங்கள் உண்டு. மரபுப்படி அது தந்தை வழியில் வருவது. கொக்குக் குலத்தாருக்குத் தலைமை, கரடிக் குலத்தாருக்குக் காவல் என்று கடமையும் கூடவே வந்தது. வட அமெரிக்காவின் இன்னொரு பழங்குடியான லகோட்டா மக்களில், தெய்வக் காட்சி வேண்டி மலையேறுபவர், மூத்தவர் ஒருவரின் வழிகாட்டலில், உணவும் நீருமின்றி நாள்கணக்கில் தனித்திருப்பார். அந்தச் சடங்கை நாம் இங்கே நடித்துப் பார்ப்பது மரியாதை ஆகாது என்பது என் கருத்து.

அதற்கு அவசியமும் இல்லை. பாகவதத்தின் பதினோராம் கந்தத்தில் அவதூதர் என்னும் துறவி தமக்கு 24 குருமார் என்று சொல்லி, புறா, மலைப்பாம்பு, யானை, மான், மீன், சிலந்தி என்று வரிசையாக அடுக்குகிறார். ஒவ்வொன்றின் நடத்தையையும் நின்று பார்த்துப் பாடம் எடுத்துக்கொண்டவர் அவர். வள்ளுவர் புலனடக்கத்துக்கு ஆமையையும் காலம் பார்த்திருப்பதற்குக் கொக்கையும் காட்டினார். ஜாதகத்திலும்தான் அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை, ரோகிணிக்குப் பாம்பு என்று யோனிப் பொருத்தம் பார்க்கிறோம். ஆனால் கல்யாணப் பேச்சு எழும்வரை அந்த விலங்கை யாரும் நினைப்பதில்லை.

பார்த்துப் பழகித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் ஊருணிப் படித்துறையிலோ, அய்யனார் கோயில் காட்டோரத்திலோ, கண்மாய்க்கரையிலோ ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டு, விடியற்காலையில் அதே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். முதலில் கண்ணைத் திறந்தே உட்காருங்கள். கண்ணை மூடியதும் மனம் தன்னிடம் இருப்பதைத்தான் எடுத்துக் காட்டும். ஓநாயைத் திரையில் மட்டுமே பார்த்தவருக்குத் திரையில் பார்த்த ஓநாயே வரும்.

மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். குருட்டுக்கொக்கு என்று நாம் ஏளனமாகச் சொல்லும் அந்தப் பறவை, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சேற்று நிறத்தில் நிற்கும்போது, பக்கத்தில் வரும்வரை அது அங்கே இருப்பதே தெரிவதில்லை. எழுந்து பறக்கும் கணத்தில் சிறகு முழுவதும் வெள்ளையாக விரிகிறது. இத்தனை வெண்மையையும் மடித்து வைத்துக்கொண்டு, ஒரு மீனுக்காக, ஒரு தவளைக்காக அது அசையாமல் நிற்கிறது. இதைப் பல காலைகள் பார்த்தவர் பிறகு கண்ணை மூடி, மூச்சின் போக்கைக் கவனித்தபடி இருக்கும்போது, அழைக்காமலே அது வந்து நிற்கக்கூடும். ஒருமுறை வந்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம். மீண்டும் மீண்டும் வருவதை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். சீரான மேள ஒலி இதற்கு உதவும் என்பாரும் உண்டு. விடியற்காலைக் கண்மாயில் பறவைகளின் சத்தமே போதும் என்பேன்.

வருவது உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். கீரி வரலாம், தெருநாய் வரலாம். வைரவன்பட்டியில் நாம் கும்பிடும் வைரவருக்கு நாய்தானே வாகனம்?

துணை கிடைத்துவிட்டது என்று சொல்லும் இளைஞரிடம் நான் கேட்பது, அதற்காக நீங்கள் எதை விட்டுக்கொடுத்தீர்கள் என்பதுதான். நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே 1977-இல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளும் வெடி கேட்டு அழுதிருப்பார்கள். ஆகவே உங்கள் தியானத்தில் மடையான் வந்திருக்குமானால், அது நிற்கும் ஊருணிக்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறதா என்று ஐப்பசி மழைக்கு முன்னால் போய்ப் பாருங்கள். அடைபட்டிருந்தால் மண்வெட்டியோடு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.