ஆறுதல்: சூடு தணியும் சொல்

[திரையில்: ஆவி பறக்கும் ஒரு குவளைப் பால்]

பால் கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, வாயில் வைக்க முடியாது. அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆறும். பொறுமை இல்லையென்றால் இன்னொரு குவளையை எடுத்து, உயரத் தூக்கி மாற்றி மாற்றி ஊற்றி ஆற்றுவோம். ஆறுவது தானாக நடப்பது, இலக்கணத்தில் தன்வினை. ஆற்றுவது ஒருவர் செய்வது, பிறவினை.

துக்க வீட்டில் நாம் சொல்லிவிட்டு வரும் 'ஆறுதல்' இதில் எந்த வினையிலிருந்து வந்தது? தன்வினையிலிருந்து. 'ஆறுதல் சொன்னேன்', 'ஆறுதல் அளித்தார்' என்று ஏதோ கையில் கொண்டுபோய்க் கொடுத்ததைப் போலப் பேசுகிறோம். சொல்லோ, ஆற வேண்டியது அழுதுகொண்டிருப்பவரின் மனம் என்கிறது.

[திரையில்: புண், கோபம், களைப்பு, பசி]

புண் ஆறுகிறது. கோபம் ஆறுகிறது. நடந்து வந்தவர் களைப்பாறுகிறார், பிறகு பசியாறுகிறார். எல்லாவற்றிலும் முன்பு ஏதோ ஒன்று கனன்றுகொண்டிருந்திருக்கிறது. 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு' என்ற குறளும் இந்தச் சூட்டை வைத்துத்தான் பேசுகிறது. ஆறாததற்கும் சொல் உண்டு. தாங்க முடியாமல் பொருமுவது ஆற்றாமை. எதைக் கொண்டும் தணிக்க முடியாதது ஆற்றொணாத் துயரம்.

ஆங்கிலத்தில் கம்ஃபர்ட் என்ற ஒரே சொல் மெத்தைக்கும் பொருந்தும், துக்கத்துக்கும் பொருந்தும். தமிழில் மெத்தை சுகமாக இருக்கும், நாற்காலி வசதியாக இருக்கும், காற்று இதமாக வீசும். 'ஆறுதலான மெத்தை' என்று விளம்பரம் எழுதினால் சிரிப்பார்கள். வசதி என்ற சொல்லுக்கோ பணவாடையும் சேர்ந்துவிட்டது: 'வசதியானவர்' என்றால் பணக்காரர்.

கம்ஃபர்ட்டின் வேர் லத்தீனின் ஃபோர்டிஸ். வலிமையான என்று பொருள். தெம்பூட்டுவதுதான் அதன் பழைய வேலை. அதற்கு நம்மிடம் நெருக்கமான சொல் தேறுதல். நோயாளி தேறுகிறார், மாணவி தேர்வில் தேறுகிறாள், உருப்படாத காரியத்தை 'இது தேறாது' என்று தள்ளிவிடுகிறோம். யாருமற்று நிற்பவரை 'ஆற்றுவாரும் தேற்றுவாரும் இல்லை' என்பது சும்மா எதுகைக்காக அல்ல என்று நினைக்கிறேன். முதலில் சூடு தணிய வேண்டும், பிறகு எழுந்து நிற்கத் தெம்பு வேண்டும். இரண்டும் இரண்டு வேலை.

(ஒரு சிறு எச்சரிக்கை. மனநல ஆலோசனையைச் சிலர் 'ஆற்றுப்படுத்துதல்' என்கிறார்கள். 'ஆற்றுப்படை' என்ற பழைய சொல்லில் இருக்கும் ஆறு வேறு. அதற்கு வழி என்று பொருள். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் பாணனுக்கு வள்ளலின் ஊருக்குப் போகும் வழியைச் சொல்வான். பத்துப்பாட்டில் 5 நூல்கள் இந்த வகை.)

[திரையில்: செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கம்]

'ஆறுதல் பரிசு' எல்லோருக்கும் தெரியும். தொடரை இழந்த அணி கடைசி ஆட்டத்தில் மட்டும் வென்றால் அது 'ஆறுதல் வெற்றி'. யாருக்கு ஆறியது என்று தலைப்பு எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

என் கதை ஒன்று. நண்பர் ஒருவரின் தந்தை இறந்த அன்று போயிருந்தேன். உடலை இன்னும் எடுக்கவில்லை. அவர் தோளில் கை வைத்து, 'எல்லாம் சரியாகிவிடும்' என்றேன். அவர் நிமிர்ந்து, 'எப்போது?' என்றார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். கையை எடுப்பதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றேன். 'ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை' என்ற பழமொழி அன்று எனக்குத்தான் பொருந்தியது.

யாழ்ப்பாணத் தமிழில் இதே சொல்லுக்கு இன்னொரு பயன் உண்டு. 'ஆறுதலாக வாருங்கோ' என்றால் அவசரமில்லை, நிதானமாக வாருங்கள் என்று பொருள். அங்கே துக்கம் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. சாப்பிடுவதையும் ஆறுதலாகச் செய்யலாம், பேசுவதையும் ஆறுதலாகச் செய்யலாம்.

[திரையில்: அதே குவளை. ஆவி நின்றுவிட்டது. பாலின் மேல் மெல்லிய ஆடை.]