கடலோர வீட்டுக்கு எந்தக் கரி எஞ்சின் மாடல் சரி?

அடுத்த கேள்வி, மண்டபத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். “அண்ணே, மீட்டர் கேஜ் காலத்துக் கரி எஞ்சின் மாதிரி ஒரு மாடல் வாங்க ஆசை. கரண்டில் ஓடுவதா, நிஜமாகவே நீராவியில் ஓடுவதா, எது நல்லது? வீடு கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றுக்குத் தாங்குமா?”

தம்பி, முதல் எஞ்சின் கரண்டில் ஓடுவதாகவே இருக்கட்டும். ஆனால் எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தண்டவாளத்தைத் தேர்ந்தெடுங்கள். நம் கரையில் மாடல் ரயிலைப் படுக்க வைப்பது அதுதான். கரண்டு தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. நடுவில் மெல்லிய படலம் படிந்தாலே எஞ்சின் திக்கித் திக்கி நிற்கும். இரும்புத் தண்டவாளம் நம் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளையில் துரு வராது, ஆனால் கறுத்துப்போகும், அந்தக் கறுப்பு கரண்டைத் தடுக்கும். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த நிக்கல் சில்வர் வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தாலே சரியாகிவிடும். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், கீறலில் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, இப்போது எஞ்சின். இரண்டு மாடலை ஒப்பிடும்போது எல்லாரும் பெயிண்டைத்தான் பார்க்கிறார்கள். நீங்கள் கவிழ்த்துப் பாருங்கள். எத்தனை சக்கரம் கரண்டு எடுக்கிறது? எஞ்சினுக்குப் பின்னால் கரியும் தண்ணீரும் சுமந்து வருகிற டெண்டர் பெட்டியின் சக்கரங்களும் எடுக்கிறதா? டெண்டரும் எடுத்தால், பாதை பிரிகிற இடத்தில் கரண்டு இல்லாத துண்டைத் தாண்டும்போது எஞ்சின் நிற்காது. சில சக்கரங்களில் ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். இழுவை கூடும், ஆனால் அந்தச் சக்கரம் கரண்டு எடுக்காது.

அப்புறம் எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டி, கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். பிஸ்டன் தண்டு முன்னும் பின்னும் போகும்போது, வால்வுக் கம்பிகள் சற்றே வேறு தாளத்தில் ஆடிக்கொண்டு கூடவே வரும். அது வெட்டி வெட்டி நகர்ந்தால் அந்த மாடல் வேண்டாம். சத்தம் வைத்த மாடலானால், பெரிய சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் எத்தனை ‘சுக்’ வருகிறது என்று எண்ணுங்கள். நாலு வர வேண்டும். நம் பக்கம் ஓடிய ஒய்.பி., ஒய்.ஜி. என்கிற மீட்டர் கேஜ் வகைகள் எல்லாம் இரண்டு சிலிண்டர் எஞ்சின்கள், ஒரு சுற்றுக்கு நாலு மூச்சு. இதைச் சரியாகச் செய்த கம்பெனி மற்றதையும் கவனித்துத்தான் செய்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

மீட்டர் கேஜ் என்று கேட்டீர்கள், அது முக்கியம். 2007-ல் அகலப்பாதை ஆவதற்கு முன்பு பாம்பன் பாலத்தில் இருந்தது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர் அகலமுள்ள பாதை. மாடல் ரயிலில் எச்.ஓ. என்கிற அளவு 1:87, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. அதில் மீட்டர் கேஜ் பதினொன்றரை மில்லிமீட்டர் வரும், அதற்கு 12 மில்லிமீட்டர் பாதை போடுவார்கள். கடையில் சாதாரணமாக எச்.ஓ. என்று கொடுப்பது 16.5 மில்லிமீட்டர், அது வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்கானது. அதை வாங்கி மீட்டர் கேஜ் என்று வைத்தால் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவன் கண்ணுக்கு உறுத்தும். 12 மில்லிமீட்டரில் கிடைப்பது பெரும்பாலும் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி எஞ்சின்கள்தான், ஆனாலும் பாதையின் அகலம் நம்முடையது.

நீராவி மாடலை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது தனி அழகு. 45 மில்லிமீட்டர் பாதையில், 1:22.5 அளவில் ஓடுவது மீட்டர் கேஜ் கணக்குத்தான். ஆனால் திறந்த வெளியில்தான் ஓட்ட வேண்டும், நம் ஊர்க் காற்றில் பர்னர் அணையும். ஸ்பிரிட்டில் எரிகிற பர்னரானால் அதன் சுடர் வெயிலில் கண்ணுக்கே தெரியாது, கையைச் சுட்டுவிடும். நம் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் பாயிலரில் உப்பு படியும். கம்பெனி சொல்கிற தண்ணீரையே ஊற்றுங்கள், தண்ணீர் தீர்ந்த பிறகு ஒரு நிமிடம்கூட நெருப்பை வைக்காதீர்கள்.

பழைய மாடல் மலிவாக வந்தால், அடிச்சட்டத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துத் துத்தநாக வார்ப்பில் ஈயம் கலந்திருந்தால் மயிரிழைபோல வெடிப்பு ஓடும், ஈரக்காற்று அதை வேகப்படுத்தும். வெடிப்பு இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி, அதற்கு வைத்தியம் கிடையாது.