அப்பா, உங்களுக்கு வரலையா?

நடுவர் ஐயா அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு நான் எப்போது முடிப்பேன் என்று பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

"பிள்ளைகளைக் கணினி விளையாட்டிலிருந்து வெளியே கூட்டி வருவது பெற்றோரின் கண்டிப்பா, பெற்றோர் கூடச் சேர்வதா?" இதுதான் தலைப்பு. கண்டிப்பே என்று பேசிய எதிரணி அண்ணன் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். வை-ஃபை கடவுச்சொல்லை மாற்றினாராம். போனைப் பீரோவில் வைத்துப் பூட்டினாராம். சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தூங்கினாராம். அவையில் பலத்த கைதட்டல். நானும்தான் தட்டினேன். ஏனென்றால் இதையெல்லாம் நானும் செய்து பார்த்து, தோற்றவன்.

என் பையனுக்கு அப்போது பத்து வயது. கோடை விடுமுறை. போனைப் பிடுங்கிப் பூட்டினேன். முதல் நாள் அழுதான். இரண்டாம் நாள் சோபாவில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாள் ஆளைக் காணோம். தேடிப் போனால் எதிர் வீட்டுப் பையனோடு டேப்லெட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான். என் பூட்டு என் பீரோவுக்குத்தானே ஐயா, ஊருக்கு இல்லையே!

என் பீரோவை விடுங்கள், ஓர் அரசாங்கமே பூட்டிப் பார்த்திருக்கிறது. தென்கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் வந்தது. 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை ஆன்லைன் விளையாட்டு ஆடக் கூடாது. பிள்ளைகள் என்ன செய்தார்கள்? அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருஷம் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தது. அரசு சொன்ன காரணம் தகவல் பாதுகாப்பு, ஆனால் வீடுகளில் அம்மாக்கள் கோயிலுக்குத் தேங்காய் உடைக்காத குறைதான். எங்கள் தெருப் பசங்கள் அடுத்த வாரமே ஃப்ரீ ஃபயருக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள்.

உலகச் சுகாதார நிறுவனமே இந்த விளையாட்டு அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது என்று அண்ணன் சொன்னார். சேர்த்திருக்கிறது, 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையிலும் இருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் அங்கே சொல்லியிருப்பது, ஆட்டத்தை நிறுத்த முடியாமல், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சமாகி, கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாமல், பெரும்பாலும் ஒரு வருஷ அளவுக்கு நீடிக்கும் நிலை. அந்தப் பிள்ளைக்கு மருத்துவர் வேண்டும், பூட்டு போதாது. நாம் பேசுவது சாயங்காலமானால் இரண்டு மணி நேரம் ஆடுகிற சாதாரணப் பிள்ளையைப் பற்றி.

அவன் ஏன் அதை விட மாட்டேன் என்கிறான்? ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அரை மணி நேரத்தில் 20 தடவை செத்தான் ஐயா. 20 தடவையும் எழுந்தான். ஒருவரும் திட்டவில்லை, ஒருவரும் பக்கத்து வீட்டு ரமேஷைப் பார் என்று சொல்லவில்லை. இதற்குப் போட்டியாக நாம் என்ன கொடுக்கிறோம்? கராத்தே வகுப்பு, நீச்சல் வகுப்பு, அபாகஸ். ஃபீஸ் கட்டுகிறோம், சான்றிதழ் கேட்கிறோம், போட்டியில் மூன்றாவதாக வந்தால் வழியெல்லாம் விசாரணை. விளையாட்டையும் டியூஷன் ஆக்கிவிட்டு, பிள்ளை வெளியே விளையாட மாட்டேன் என்கிறான் என்று புலம்புகிறோம்.

அப்புறம் ஒரு நாள் கோயில் திருவிழாக் கடையில் பம்பரம் வாங்கினேன். ஊரில் நான் பெரிய பம்பரக்காரன் என்று வீட்டில் அளந்தும் வைத்திருந்தேன். சாட்டையைச் சுற்றி வீசினேன். பம்பரம் நேராகச் சாக்கடையில் போய் விழுந்தது. என் மனைவி பால்கனியில் நின்று பார்த்துவிட்டாள், அது தனிக் கதை. எங்கள் குடியிருப்புக் காவலாளி அண்ணாச்சிதான் அதைக் கழுவி எடுத்தார். ஆணிப் பக்கமிருந்து நெருக்கமாகச் சுற்றினார், ஒரு வீச்சு. சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையாலேயே சுண்டித் தூக்கி உள்ளங்கையில் வாங்கினார். அபீட்!

பையன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு வரலையா?" என்றான். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே! அப்பாவுக்கே வராத ஒன்று உலகத்தில் இருக்கிறது. அன்றைக்கு இருட்டும் வரை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றித் தோற்றோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு அபீட் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வரவில்லை.

சென்னை பாடியில் ஒரு வீடு. மகள் டிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். பெற்றோர் டிவியை அணைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமனே விடவில்லை. சதுரங்க வகுப்புக்கு அனுப்பினார்கள். அவளைப் பார்த்துத் தம்பியும் காய் நகர்த்தினான். அம்மா ஊர் ஊராகப் போட்டிகளுக்குக் கூடவே போனார். அவர்கள்தான் வைஷாலியும் பிரக்ஞானந்தாவும். தம்பி 2018-இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்காவும் கிராண்ட்மாஸ்டர். உங்கள் பிள்ளையும் அப்படி ஆவான் என்று நான் சொன்னால் மறுபடி டியூஷன் ஆகிவிடும். எனக்கு வேண்டியது அந்த முதல் நாள்தான். எடுத்த இடத்தில் ஒன்றை வைத்தார்கள்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 100-க்குச் சுமார் 40 பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் சுமார் 30. வெறும் 40 நிமிடம்! ஒரு சீரியலுக்கும் விளம்பரத்துக்கும் நாம் கொடுக்கிற நேரம்.

என் பையன் இன்றைக்கும் கணினியில் ஆடுகிறான், மறைக்கவில்லை. ஆனால் கீழேயிருந்து பசங்கள் கூப்பிட்டால் ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறான்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு கேள்வி ஐயா. பூட்டிய கதையை அண்ணன் விவரமாகச் சொன்னார். பூட்டிய பிறகு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை அந்தப் பிள்ளை என்ன செய்தான், அவர் எங்கே இருந்தார்? அதை மட்டும் சொல்லவில்லை. மறுப்புரைக்கு வரும்போது சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.